இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு முதலீடு

மன்னாரில் எமது குடும்பத்துக்குப் பழைய ஐஸ் வாடி ஒன்று இருக்கின்றது. வாப்பாவின் காலத்தில் கொழும்புக்கு மீன் ஏற்றும் லொறிகள் எல்லாம் அங்கே நின்றுதான் போகும். 1990 ஒக்டோபரில் நாம் ஊரை விட்டு வெளியேற்றப்பட்ட பின்னர் இயந்திரம் போனது, கூரை போனது, கதவு நிலைகளும் போயின. திரும்பி வந்து பார்த்தபோது நான்கு சுவரும் ஒரு கிணறும்தான் மிச்சம். அந்தக் காணிக்கு இப்போது இரண்டு கேள்விகள் வந்திருக்கின்றன. விருந்தினர் விடுதி கட்டுவதற்கு நீண்டகாலக் குத்தகைக்குத் தரும்படி கொழும்பு முதலாளி ஒருவர் கேட்கின்றார். அங்கே ஒரு குளம் கட்டவேண்டும் என்று என் சொந்த நானா கேட்கின்றார். நடக்க இயலாதவர்கள் இறங்கி நடந்து பழகுகின்ற இளஞ்சூட்டு நீர்க் குளம்.

காணிக்குப் பங்காளிகள் ஐந்து பேர். கணக்குப் பார்ப்பவன் நான். விடுதிக் குத்தகையின் கணக்கை ஐந்து நிமிடத்தில் போட்டுவிட்டேன். குளத்தின் கணக்கைப் போட ஆறு மாதம் எடுத்தது. வியாபாரப் பக்கத்தில் வைத்தியக் கதை எதற்கு என்று வாசக நண்பர்கள் கேட்கக் கூடும். கணக்கைச் சொல்வதற்கு முன்னர் கதையைச் சொல்லாவிட்டால் கணக்கு விளங்காது.

பெற்றோல் வரிசைகள் நீண்டிருந்த 2022ஆம் ஆண்டில் நானாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. தொண்ணூறு கிலோ மனிதர். அந்தக் காலத்தில் இரண்டு கருவாட்டுச் சிப்பங்களை ஒரேயடியாகத் தோளில் போடுவார். மன்னாரிலிருந்து ஏறக்குறைய முந்நூறு கிலோமீற்றர் தூரம் கொண்டுபோய்க் கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் சேர்த்தோம். மூன்றாவது வாரம் அவரைக் கதிரையோடு ஒரு குளத்துக்குள் இறக்கினார்கள். பெரிய குளம் அல்ல, எமது கடையின் முன்கூடம் அளவுதான் இருக்கும். தண்ணீர் உடம்புச் சூட்டை விடக் கொஞ்சம் குறைவு. ஒரு மெலிந்த பையன் இடுப்பில் ஒற்றைக் கையைக் கொடுத்தபடி நிற்க, நானா எழுந்து நின்றார். அதுவரை அவரைக் கட்டிலில் திருப்பிப் போடவே மூன்று பேர் வேண்டும். கரையில் நின்ற என்னைப் பார்த்து, "தம்பி, கால் தரையில படுதுடா" என்றார்.

பன்னிரண்டு தடவைகள் அந்தத் தண்ணீரில் இறங்கினார். கடைசியில் குளத்துக்குள் ஆறு எட்டு தனியாக வைத்தார். அதற்கு மேல் அங்கே தங்குவதற்கு எம்மிடம் பணமும் இல்லை, கடையைப் பார்க்க ஆளும் இல்லை. ஊருக்குக் கொண்டுவந்தோம். தரையில் பயிற்சி செய்யச் சொன்னார்கள். இரண்டு தடவை விழுந்தார். அதன் பிறகு விழுந்துவிடுவேன் என்ற பயத்திலேயே எழும்பாமல் விட்டுவிட்டார்.

இந்த இடத்தில் நான் செய்த மடமையையும் சொல்ல வேண்டும். தண்ணீர்தானே வேண்டும், அதற்கு ஏன் கொழும்பு என்று நினைத்து, ஆயிரம் லீற்றர் பிளாஸ்ரிக் தாங்கி ஒன்றின் மேற்பகுதியை வெட்டி, விறகடுப்பில் அண்டா அண்டாவாகக் காய்ச்சி ஊற்றி, நானாவைத் தூக்கி அதற்குள் இருத்தினோம். சூடு சரியா என்று கேட்டேன். சரி என்றார். வெளியே எடுத்தபோது வலது பாதம் சிவந்து கொப்பளித்திருந்தது. அவருக்குப் பதினைந்து வருட நீரிழிவு. அந்தப் பாதத்துக்குச் சூடு தெரியாது என்பதை நான் யோசிக்கவில்லை. புண் ஆற நான்கு மாதம் சென்றது. தண்ணீரின் சூட்டைக் கையை வைத்துப் பார்க்காமல் வெப்பமானியை வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை நான் இப்படித்தான் கற்றேன்.

கன்னியாவுக்குப் போன கதை

பிறகு யாரோ கன்னியாவுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வேன் ஒன்றைப் பிடித்து வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்குப் போனோம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளை அறியாத இலங்கையர் கிடையாது. ஏழு சின்னச் சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. இராவணன் தன் தாயாரின் கருமக் கிரியைக்காக உண்டாக்கியவை என்று இந்து மக்களின் ஐதிகம் சொல்கின்றது. எமது நாட்டில் எரிமலை எதுவும் இல்லை. மழைத் தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உள்வெப்பத்தில் சூடாகி, வேறொரு வெடிப்பு வழியே மேலே வருவதுதான் விடயம். அம்பாறையில் மகாஓயா, அம்பாந்தோட்டையில் மகாபெலெஸ்ஸ ஆகிய இடங்களின் ஊற்றுகளும் இப்படிப்பட்டவையே. மகாஓயா கன்னியாவை விடக் கடுஞ்சூடு. மன்னார்ப் பக்கத்தில் இப்படி ஓர் ஊற்றை அல்லாஹ் வைக்கவில்லை.

கன்னியாவில் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக் குளிக்கலாம். உடம்புக்கு இதமாகத்தான் இருந்தது. அன்று இரவு நானா நன்றாகத் தூங்கினார். ஆனால் அந்தக் கிணறுகளில் இறங்கி நிற்க இயலாது. நானாவுக்குக் கொழும்பில் கிடைத்த பயனில் சூடு பாதிதான், மற்றப் பாதி அவரைத் தாங்கி நின்ற தண்ணீர் என்பது எனக்கு அந்தப் பயணத்தில்தான் விளங்கியது.

கடற்கரையில் பிறந்த எமக்கு இது புதிய விடயமே அல்ல. கரையில் கிடக்கும் வள்ளத்தைத் தள்ளப் பத்துப் பேர் வேண்டும். அதே வள்ளம் மிதக்கும்போது ஒரு சிறுவன் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். இடுப்பளவு தண்ணீரில் நிற்பவரின் கால்கள் சுமப்பது அவருடைய எடையில் ஏறக்குறைய பாதி. நெஞ்சளவில் மூன்றிலொரு பங்கு. கழுத்தளவில் பத்திலொரு பங்கு. தொண்ணூறு கிலோ நானாவை அன்று அவருடைய கால்கள் முப்பது கிலோவாகத்தான் சுமந்திருக்கின்றன. அதோடு நாலா பக்கமும் தண்ணீர் அழுத்துவதால் கால் வீக்கம் வடிகின்றது. விழுந்தாலும் மெதுவாகத்தான் விழுவோம் என்பதால் பயம் போகின்றது. சூடு இறுகிய தசைகளை இளக வைக்கின்றது. இதற்கென்று வைத்தியர்கள் சொல்லும் அளவு 33 முதல் 36 பாகை செல்சியஸ் வரை. சாதாரண நீச்சல் குளம் 27, 28 பாகைதான். அதில் நோயாளி ஒருவரை அரை மணி நேரம் வைத்திருந்தால் குளிரில் தசை இன்னும் இறுகிவிடும்.

எல்லா நோயும் தண்ணீரில் தீரும் என்று சொல்லுகிறவர்களை நம்பவேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கிப் பார்க்கும் கொக்ரேன் அமைப்பு 2016ஆம் ஆண்டில் முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்வு உள்ள 1,190 பேர் பங்குகொண்ட 13 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. நீர்ப்பயிற்சியால் வலியும் இயலாமையும் குறைகின்றன, ஆனால் பயன் சிறியது, அதுவும் குறுகிய காலத்துக்கு என்பதே முடிவு. குறுகிய காலம் என்றால் தொடர்ந்து போகவேண்டும் என்று பொருள். தொடர்ந்து போகவேண்டும் என்றால் குளம் முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்க முடியாது. என்னைப் பொறுத்தவரை முழு விவகாரமும் இந்த ஒரு வரியில்தான் இருக்கின்றது.

யாருக்கு வேண்டும்?

முதலில் எம்மைப் போன்ற வியாபாரிகளுக்கே வேண்டும். காலையிலிருந்து இரவு வரை கல்லாவில் உட்கார்ந்திருந்து முதுகு போனவர்களும், இருபது வயதில் ஐம்பது கிலோ மூட்டை தூக்கி ஐம்பது வயதில் முழங்கால் போனவர்களும் எமது கடைத்தெருவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். சீனியும் பிறஷரும் இல்லாத வீடு எது? பாரிசவாதம் அங்கிருந்துதான் வருகின்றது.

இரண்டாவது ஆட்கள் எமது கரைக்கே உரியவர்கள். சிலிண்டர் போட்டுச் சங்கும் கடலட்டையும் குளிக்கப் போகின்ற பையன்கள். ஆழத்தில் அதிக நேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், அழுத்தத்தில் இரத்தத்தில் கரைந்திருந்த வாயு சோடாப் போத்தலைத் திறந்தது போலக் குமிழியாகிவிடும். முதுகுத்தண்டில் குமிழி அடைத்தால் இடுப்புக்குக் கீழே விழுந்துவிடும். அதற்கு உடனடியாக வேண்டியது அழுத்த அறைச் சிகிச்சை, குளம் அதற்குப் பதில் ஆகாது. ஆனால் அந்தச் சிகிச்சைக்குப் பின்னரும் கால் சரியாக வராதவர்களுக்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். இருபத்தைந்து வயதில் வாசல் திண்ணையில் குந்தியிருக்கும் பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் குளித்துக் கொண்டுவந்த சங்கிலும் அட்டையிலும் இலாபம் கண்டவர்கள் எம்முடைய வியாபாரிகள்தான். அந்தப் பட்டியலில் எமது குடும்பமும் இருந்தது.

யுத்தத்தில் கால் இழந்தவர்கள், போலியோ ஒழிவதற்கு முன்னர் பிறந்து கால் சூம்பியவர்கள் என்று மூன்றாவது கூட்டமும் உண்டு. இலங்கையின் கடைசிப் போலியோ நோயாளி 1993ஆம் ஆண்டுக்குரியவர். அந்தத் தலைமுறை இப்போது நடுவயது. வயது ஏற ஏற நல்ல காலும் சோர்ந்து போகும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பாலம் 2010இல் திறந்தது, தலைமன்னாருக்கு ரயில் 2015இல் திரும்பி வந்தது, வீடுகளும் பள்ளிவாசல்களும் எழும்பின. அப்படியிருந்தும் எருக்கலம்பிட்டி, தாராபுரம், சிலாவத்துறைப் பக்கத்துக் குடும்பங்கள் பல இன்னும் பாதி இங்கே, பாதி புத்தளத்தில் என்றே இருக்கின்றன. பிள்ளைகளின் படிப்பு ஒரு காரணம். மற்றது வயதானவர்களின் வைத்தியம். எமது உம்மாவும் கடைசி வரை புத்தளத்தில்தான் இருந்தார். "அங்க வந்து விழுந்தா யாரு தூக்குறது?" என்பார். ஊருக்கு வரவேண்டும் என்று ஆசைப்பட்டு, வராமலே மௌத்தானார். ஊர் திரும்புவதைப் பற்றிக் கூட்டம் கூட்டமாகப் பேசுகின்றோம். கிழவிகள் எதை நம்பித் திரும்புவார்கள் என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டதை நான் கேட்டதில்லை.

இனி கணக்கு

குளம் 6 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், சராசரி 1.2 மீற்றர் ஆழம் என்று வைப்போம். ஏறக்குறைய 29,000 லீற்றர். ஆறாயிரம் லீற்றர் பவுசரில் ஐந்து தடவை. மன்னாரில் தாங்கித் தண்ணீர் இயல்பாகவே 28 பாகை அளவில் இருக்கும். அதை 34க்கு உயர்த்த ஆறு பாகை போதும். அதற்கு வேண்டிய வெப்பம் 202 யூனிட். குளிர்நாட்டில் 10 பாகைத் தண்ணீரை வைத்துக்கொண்டு இதே வேலையைச் செய்பவனுக்கு 800 யூனிட்டுக்கு மேல் வேண்டும். ஆக, வெயில் என்று நாம் திட்டுகின்ற மன்னார் வெயில் இந்தத் தொழிலில் முதலிலேயே முக்கால்வாசிப் பங்கைப் போட்டுவிடுகின்றது.

எதிராளி காற்று. உப்பளம் வைத்திருப்பவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. எந்தக் காற்று உப்பை விளைவிக்கின்றதோ அதே காற்றுத்தான் குளத்தின் சூட்டைத் திருடும். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகிப் போனால் ஏறக்குறைய 0.67 யூனிட் வெப்பத்தையும் கூடவே கொண்டுபோகும். திறந்த குளத்தில் நாளொன்றுக்குப் பத்து மில்லிமீற்றர் வற்றினால் 240 லீற்றர். அதாவது 160 யூனிட். இதைச் சுமந்துகொண்டு எந்தக் கடையும் நடக்காது. ஆகவே காற்றுப் பக்கம் சுவர், மேலே கூரை, ஆட்கள் இல்லாத நேரமெல்லாம் தண்ணீர் மேல் மிதக்கும் மூடி. இப்படிச் செய்து அந்த 160ஐ 60ஆகக் குறைக்கலாம் என்று பொறியியலாளர் ஒருவரோடு இருந்து கணக்குப் பார்த்தேன். குளிப்பவர் ஒருவருக்கு 30 லீற்றர் வீதம் புதுத் தண்ணீர் மாற்றுவது வெளிநாட்டு நடைமுறை. இருபத்தைந்து பேருக்கு 750 லீற்றர், அதைச் சூடாக்க ஐந்து யூனிட்தான். சுவராலும் அடித்தளத்தாலும் போவதையும் சேர்த்தால் நாளொன்றுக்கு எழுபது, எண்பது யூனிட் வெப்பம் வேண்டும்.

சூரிய வெப்பத் தகடு ஒரு சதுர மீற்றர் நல்ல வெயில் நாளில் 2.5 முதல் 3 யூனிட் வரை வெப்பம் தரும். இருபது சதுர மீற்றர் போட்டால் ஐம்பது, அறுபது யூனிட். மீதி இருபதை வெப்பப் பம்பி ஐந்து யூனிட் மின்சாரத்தில் தந்துவிடும். குளிரூட்டியைத் திருப்பிப் போட்டது போன்ற இயந்திரம் அது. காற்றிலிருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நான்கு யூனிட் சூடு. கார்த்திகை, மார்கழி மழை மூட்டத்தில் அதன் வேலை கூடும்.

எனக்கு ஆச்சரியம் தந்த இடம் இதற்குப் பிறகுதான் வந்தது. தண்ணீரை வடிகட்டி வழியே சுற்றவைக்கும் ஒரு குதிரைவலு மோட்டார் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடவேண்டும். அது மட்டும் நாளுக்கு 18 யூனிட்! சூட்டுக்குப் பயந்துகொண்டிருந்தேன், கடைசியில் மின்சார பில்லை ஏற்றுவது மோட்டார். சம்பளம் அதற்கும் மேலே. ஆண் ஒருவரும் பெண் ஒருவருமாக இயன்மருத்துவர்கள் இருவர், உதவியாளர் இருவர், தண்ணீரைப் பார்க்க ஒருவர். கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் இயன்மருத்துவம் படித்து வெளிவரும் பிள்ளைகள் மன்னாருக்கு வந்து நிற்கவேண்டும் என்றால் வீடும் கொடுக்கவேண்டும்.

ரூபாய்க் கணக்கை இங்கே எழுதாமல் விடுகிறேன். 2022க்குப் பிறகு எந்த விலை எத்தனை மாதம் நிற்கின்றது என்பது வாசகர்களுக்குத் தெரியும். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். வரவுப் பக்கத்தில் ஒரு தடவைக்கு ஐந்து பேர், நாளுக்கு ஐந்து தடவை, மாதம் இருபத்தைந்து நாள் என்றால் 625 இடங்கள். நான் அதில் பாதியைத்தான் எழுதியிருக்கிறேன். பாதியில் சம்பளம், மின்சாரம், மருந்து ஆகியவை வந்துவிடுகின்றன. கட்டிடச் செலவு வரவில்லை. முக்கால் நிரம்பினால் கட்டிடமும் மெதுமெதுவாக வரும். விடுதிக் குத்தகையோடு ஒப்பிட்டால் நட்டம்தான். இதை ஒளிக்காமல் பங்காளிகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட ஒன்றில் பணத்தைப் போட்டவர்கள் உலகில் இல்லாமலில்லை. அமெரிக்க ஜனாதிபதியாக வந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1921இல் போலியோ வந்து கால்கள் விழுந்தன. 1924இல் ஜோர்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்றுக்குப் போனார். இயற்கையாகவே 31 பாகைத் தண்ணீர். அதில் நின்று பார்த்தவர் 1926இல் அந்த இடத்தையே தன் சொந்தப் பணத்தில், செல்வத்தின் பெரும்பகுதியைப் போட்டு, வாங்கிவிட்டார். உல்லாச விடுதியாகவும் நோயாளிகளுக்கான இடமாகவும் சேர்த்து நடத்தலாம் என்பது அவருடைய திட்டம். விடுதிக்கு வந்த பணக்காரர்கள் நோயாளிகளோடு ஒரே தண்ணீரில் இறங்க மறுத்தார்கள், நோய் தொற்றிவிடும் என்ற பயம். உல்லாச வியாபாரம் படுத்தது. 1927இல் அதை ஓர் அறநிறுவனமாக மாற்றினார். அவருடைய கால்கள் கடைசி வரை சரியாக வரவில்லை. ஆனால் அந்த ஊற்றுக்காகப் பணம் சேர்க்கத் தொடங்கிய முயற்சி 1938இல் தேசிய மன்றமாக வளர்ந்து, பின்னர் போலியோத் தடுப்பூசி ஆராய்ச்சிக்கே பணம் கொடுத்தது.

கொழும்பு முதலாளி என்னிடம் சொன்ன யோசனையும் ரூஸ்வெல்ட்டின் முதல் யோசனைதான்: "ஹாஜியார், விடுதியில ஒரு சுடுதண்ணிக் குளமும் போடுவம், நோயாளிகளும் வரட்டும்." வங்காலைப் பறவைகளைப் பார்க்கவும் காற்றாடிப் பலகையில் கடலில் ஓடவும் வருகின்ற வெள்ளைக்காரர்கள் பக்கவாத நோயாளிகளோடு குளிப்பார்களா? காலை அவர்களுக்கு, மாலை இவர்களுக்கு என்று பிரிக்கலாம் என்றார். நான் யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பிரித்தால் மாலை நேரம் வருடத்துக்கு வருடம் சுருங்கும் என்பது என் பயம்.

எமது முன்னோரிடம் இதற்கு வேறொரு வழி இருந்தது. இஸ்தான்பூலில் செம்பெர்லிதாஷ் ஹமாம் என்ற வெந்நீர்க் குளிப்பகம் இருக்கின்றது. சுல்தானின் தாயார் நூர்பானு 1584இல் கட்டுவித்தது. கட்டடக் கலைஞர் சினான். உஸ்குதாரில் அந்த அம்மையார் அமைத்த பள்ளிவாசலும் தர்ம நிலையங்களும் நடப்பதற்கு வருமானம் வரவேண்டும் என்பதற்காகவே இந்த ஹமாமை வக்பு செய்தார். காசு கொடுத்துக் குளித்தவர்களின் பணத்தில் காசு இல்லாதவர்கள் பயன்பெற்றார்கள். குளிப்பகத்தின் பயன்களைப் பற்றி இப்னு சீனா தம் வைத்திய நூலிலேயே எழுதியிருக்கின்றார் என்பதால், வெந்நீரும் வைத்தியமும் வக்பும் எமக்கு அந்நியமானவை அல்ல. இலங்கையில் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டம் இருக்கின்றது. ஐந்து பங்கில் இரண்டு பங்கை வக்பாக எழுதி, மூன்று பங்கை வியாபாரமாக வைத்து, வக்புப் பங்கின் இடங்களை இயலாதவர்களுக்குக் கொடுக்கலாமா என்று சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். ஸகாத் பணத்தை இதில் போடலாமா என்பது உலமாக்கள் சொல்லவேண்டிய விடயம், நான் வாயைத் திறக்கவில்லை.

என் மச்சான் எதிர்க்கட்சி. அவர் முத்துச் சலாபத்தை நினைவுபடுத்துகின்றார். 1905இல் மரிச்சுக்கட்டியில் பெருங்குளிப்பு நடந்து பணம் கொட்டியதைப் பார்த்து, அடுத்த வருடமே லண்டன் கம்பனி ஒன்று இருபது வருடத்துக்குக் கடற்படுகையைக் குத்தகைக்கு எடுத்தது. சில வருடங்களிலேயே சிப்பி இல்லாமற் போய், 1912இல் கம்பனி கலைந்தது. "தண்ணிக்குள்ள போட்ட காசு" என்று சொல்லிச் சிரிப்பார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் சிப்பி வராமல் போகலாம், முழங்கால் வலி வராமல் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பயப்படவேண்டிய இடம் பணம் அல்ல, தண்ணீரின் சுத்தம். 34 பாகை என்பது கிருமிகளுக்கும் பிடித்த சூடு. வியர்வையும் தோல் அழுக்கும் சேர, குளோரின் வேகமாகத் தீரும். நாளில் பல தடவை குளோரினையும் காரத்தன்மையையும் அளந்து புத்தகத்தில் எழுதவேண்டும். கேரளத்தில் 2024, 2025ஆம் ஆண்டுகளில் மூளையைத் தாக்கும் அமீபாவினால் உயிர்கள் போன செய்தியை எல்லோரும் படித்திருப்பீர்கள். அது சூடான, சுத்திகரிக்காத நன்னீரில் வளர்ந்து மூக்கு வழியே ஏறுவது. எமது கிணற்று நீரை நேரே குளத்தில் விடலாம் என்று சொன்ன மேசனை நான் திருப்பி அனுப்பியதற்கு அதுதான் காரணம். திறந்த புண், தொற்று நோய், கட்டுப்பாட்டில் இல்லாத இருதய நோய், அடிக்கடி வலிப்பு வருகிறவர்கள் ஆகியோரை இறக்கவே கூடாது. டொக்டரின் துண்டு இல்லாமல் யாரும் தண்ணீரில் கால் வைக்க முடியாது என்பது முதல் விதி. ஊர்த் தலைவராக இருந்தாலும் சரி, என் மச்சானாக இருந்தாலும் சரி.

பெண்களின் விடயத்தை ராத்தாதான் தீர்த்து வைத்தார். அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. நானாவோடு கொழும்பில் தங்கியிருந்தபோது அவரையும் குளத்தில் இறங்கச் சொன்னார்கள். ஆண்களும் பெண்களும் ஒரே நேரம், கண்ணாடிச் சுவர். மறுத்துவிட்டார். "வாரத்துல மூணு நாள் பொம்புளைகளுக்கு மட்டும்னு எழுதித் தாங்க, பொம்புளைப் பிள்ளைதான் பயிற்சி தரணும், கண்ணாடி வேணாம். நான் என் பங்கைக் குடுக்குறேன்" என்றார். இந்த மூன்று நிபந்தனைக்கும் செலவு அதிகம் இல்லை. நான் விசாரித்த வரையில் பேசாலை, தாழ்வுப்பாட்டுக் கத்தோலிக்கப் பெண்களும் இதையேதான் விரும்புகின்றார்கள். அவர்களும் வந்தால்தான் 625 இடங்களில் பாதியாவது நிரம்பும். எமது ஆட்களுக்கு மட்டும் என்று கட்டினால் ஆறு மாதத்தில் மூடவேண்டி வரும்.

இப்போதைய நிலைமை இதுதான். ஐந்து பங்காளிகளில் நானாவும் ராத்தாவும் சம்மதம். மச்சான் தன் மனைவியின் பங்குக்காக எதிர்ப்பு. சவூதியில் இருக்கும் தம்பி, நான் சொல்வதைச் செய்வதாகச் சொல்கின்றான், அது உதவியா பாரமா என்று தெரியவில்லை. கொழும்பு முதலாளி ரமழானுக்கு முன் பதில் கேட்டிருக்கின்றார். கிணற்றுத் தண்ணீரை உப்புப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். உப்பு அதிகம் என்றால் குழாய் எல்லாம் பிளாஸ்ரிக், இல்லாவிட்டால் பவுசர்தான்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நானாவைச் சக்கர நாற்காலியில் வைத்து ஐஸ் வாடிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கூரையில்லாத அந்த நான்கு சுவர்களுக்குள் அளவு நாடாவைப் பிடித்தோம். ஒரு முனையை அவர் இடது கையால் பிடித்துக்கொண்டார். நீளம் சரியாக இருந்தது. அகலத்தில் முக்கால் மீற்றர் குறைந்தது. "பழைய கிழக்குச் சுவரை இடிச்சா வரும்" என்றார். வாப்பா கட்டிய சுவர் அது. நான் பதில் சொல்லாமல் நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியைத் தானே ஒரு கையால் திருப்பி, சுவரைத் தட்டிப் பார்த்தார்.